கணவர் ராணுவத்தில், தொடர்பு சக வீரரின் மனைவியோடு: சி.ஓ.வுக்குப் புகார் எழுதும் முன்

வாசகி கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். சேர்ந்து 14 ஆண்டு முடியப்போகிறது. வடக்கே ஒரு ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். யூனிட் ஃபீல்டுக்கு, அதாவது முன்னணிப் பணிக்குப் போனபோது இவரை ரியர் பார்ட்டியில், அதாவது பின்னால் தங்கும் குழுவில் நிறுத்தினார்கள். அப்போது, ஃபீல்டுக்குப் போயிருந்த இன்னொரு வீரரின் மனைவியோடு இவருக்குத் தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டபோது அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். இப்போது இரண்டு பிள்ளைகளோடு வேலூர் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். நான்கு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. "சி.ஓ.வுக்கு (யூனிட்டின் தலைமை அதிகாரிக்கு) ஒரு கடிதம் போடு, வேலையே போய்விடும்" என்கிறார் என் அண்ணன். தெரிந்த வக்கீல் ஒருவர், "2018-லேயே இது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது, ராணுவத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். யார் சொல்வதை நம்புவது? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

சகோதரி, வக்கீல் சொன்னது பாதி சரி. அண்ணன் சொன்னது நடக்கக்கூடியது. ஆனால் அது நடந்தால் முதலில் அடிபடுவது நீங்களும் பிள்ளைகளும்தான். அதனால் கடிதத்தை இன்றைக்கே தபாலில் போட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவைத்தான் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. ஜோசப் ஷைன் வழக்கு என்பார்கள். அந்தப் பழைய பிரிவில் புகார் செய்யும் உரிமை அந்தப் பெண்ணின் கணவருக்குத்தான் இருந்தது. உங்களைப் போன்ற மனைவிக்கு அது ஒருநாளும் உதவியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படி ஒரு குற்றம் இல்லை. ஆகவே உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் 'கள்ளத்தொடர்பு' என்று மட்டும் புகார் கொடுத்தால் வழக்கு பதிய முடியாது. இதுவரை வக்கீல் சொன்னது சரி.

ராணுவத்துக்கோ தனிச் சட்டம் இருக்கிறது: 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம். அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளை ஒழுங்குக்காகச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2018 தீர்ப்பைக் காட்டி ராணுவத் தீர்ப்பாயம் சில ஒழுங்கு நடவடிக்கைகளை ரத்து செய்யத் தொடங்கியதும், பாதுகாப்பு அமைச்சகம் விளக்கம் கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. வீரர்கள் எல்லையில் நிற்கும்போது அவர்களுடைய குடும்பங்கள் பின்னால் முகாம்களில் மற்றவர்கள் பொறுப்பில் இருக்கின்றன என்பதே அமைச்சகத்தின் முக்கிய வாதம். நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐவர் அமர்வு 2023 ஜனவரி 31 அன்று, ஜோசப் ஷைன் தீர்ப்பு ராணுவச் சட்டங்களின் பிரிவுகளைப் பற்றியதே அல்ல என்று தெளிவாக்கியது. எனவே ராணுவத்தால் இன்றும் நடவடிக்கை எடுக்க முடியும். விமானப்படைச் சட்டத்திலும் கடற்படைச் சட்டத்திலும் இதே மாதிரியான பிரிவுகள் உண்டு.

ராணுவச் சட்டத்தைப் புரட்டினால் 'தகாத உறவு' என்ற பெயரில் ஒரு குற்றத்தை எங்கும் பார்க்க மாட்டீர்கள். அதிகாரியோ ஜே.சி.ஓ.வோ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) ஆனால் பிரிவு 45, அதாவது தன் பதவிக்குத் தகாத நடத்தை. 'சக அதிகாரியின் மனைவியின் அன்பைத் திருடியது' என்று ராணுவ வட்டாரத்தில் சொல்வார்களே, அது இந்தப் பிரிவின் கீழ் எழுதப்படும் குற்றச்சாட்டு. உங்கள் கணவர் ஹவில்தார், அதனால் 45 அவருக்குப் பொருந்தாது. அவருக்கு வருவது பிரிவு 63: நல்ல ஒழுங்குக்கும் ராணுவக் கட்டுப்பாட்டுக்கும் கேடு செய்யும் செயல். உச்சபட்ச தண்டனை 7 ஆண்டு சிறை. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எதிர்பார்க்கவும் வேண்டாம். அது சட்டத்தில் உள்ள மேல்வரம்பு, அவ்வளவுதான்.

பிரிவு 63-இல் ராணுவம் நிரூபிக்க வேண்டியது காதலையோ உடலுறவையோ அல்ல. இந்தச் செயலால் படையின் ஒழுங்கு கெட்டது என்பதை நிரூபிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது கடினமில்லை. ஊரில் இருக்கும் யாரோ ஒரு பெண்ணோடு தொடர்பு என்றால் ஒழுங்கோடு முடிச்சுப் போடுவது சிரமம். இங்கே ஒரே யூனிட், ஒரே குவார்ட்டர்ஸ். அதிலும் ரியர் பார்ட்டியின் வேலைகளில் ஒன்று, முன்னால் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்வது. அந்தப் பொறுப்பில் இருந்தவரே இப்படிச் செய்தால் எந்த சி.ஓ.வும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஃபீல்டில் நிற்கும் ஒருவன் வீட்டைப் பற்றிய கவலையில்லாமல் நிற்க முடிய வேண்டும். உங்கள் கணவர் உடைத்தது அதைத்தான்.

புகார் போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும் முதலில் கோர்ட் ஆஃப் இன்கொயரி, அதாவது விசாரணைக் குழு. இது உண்மை அறியும் விசாரணை. அதில் யாருக்கும் தண்டனை கிடையாது. ஒருவருடைய நடத்தைக்கோ நற்பெயருக்கோ களங்கம் வரும் விசாரணையில், ராணுவ விதி 180-இன்படி அவர் முழு நேரமும் உடனிருக்கலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதாவது நீங்கள் சொல்வதை உங்கள் கணவர் எதிரில் உட்கார்ந்து கேட்பார், உங்களைக் கேள்வியும் கேட்பார். பலர் இதற்குத் தயாராகாமல் போய், பாதியில் உடைந்து, "எழுதிக் கொடுத்ததெல்லாம் கோபத்தில் எழுதியது" என்று சொல்லிவிடுகிறார்கள். வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

குழு முடிந்து மேலதிகாரி உத்தரவிட்டால், விதி 22-இன்படி சி.ஓ. முன்னால் குற்றச்சாட்டு விசாரணை. அதன்பின் விதி 23-இன் கீழ் சம்மரி ஆஃப் எவிடென்ஸ், அதாவது சாட்சியங்களை எழுத்தில் பதிவது. விசாரணைக் குழுவில் சொன்னதைப் பின்னால் ராணுவ நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. அதனால் நீங்கள் மறுபடி சொல்ல வேண்டும், வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்குப் போனால் மூன்றாம் முறையும் சொல்ல வேண்டும். மூன்று முறையும் தேதிகள் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்காகவாவது இன்றே ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

ஹவில்தாரை விசாரிக்க சி.ஓ.வே தனியாக நடத்தும் சம்மரி கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றம் போதும். லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட சி.ஓ. நடத்தினால் ஓராண்டு வரை சிறை, பதவிக் குறைப்பு, பணியிலிருந்து டிஸ்மிஸ் எல்லாம் கொடுக்கலாம். விஷயத்தைப் பெரிதாகக் கருதினால் குறைந்தது மூன்று அதிகாரிகள் கொண்ட டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலுக்குப் போகும். அதன் வரம்பு இரண்டு ஆண்டு. ஆதாரம் வலுவாக இல்லையென்றால் பிரிவு 80-இன் கீழ் சி.ஓ. சுருக்கமாக விசாரித்துக் கடும் கண்டனம் தருவதோடு முடியலாம். சிப்பாய்க்கு இந்த முறையில் 28 நாள் வரை காவல் தண்டனை உண்டு. ஹவில்தாருக்கு அதைக் கொடுக்க முடியாது. கடும் கண்டனம் சிறிய தண்டனை மாதிரித் தெரியும். ஆனால் அது ரெட் இங்க் என்ட்ரி, அதாவது சிவப்பு மைப் பதிவு, பணிப் பதிவேட்டில் ஏறிவிடும், பதவி உயர்வைத் தடுக்கும். இந்த மாதிரி நான்கு பதிவு சேர்ந்தாலே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து அனுப்பக்கூடாது, பணிக்காலம், கடினமான இடங்களில் செய்த பணி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் சொன்னது. கோர்ட் மார்ஷலே இல்லாமல், காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுத்து நிர்வாக வழியில் பணியை முடிக்கவும் ராணுவத்துக்கு வழி இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடத்துக்கு வருகிறேன்: 14 ஆண்டு.

ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் பணி ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். அதற்கு முன் பணி போனால் மாத ஓய்வூதியம் இல்லை. 15 முடிந்த பிறகும்கூட, டிஸ்மிஸ் ஆனவருக்குப் பொதுவாக ஓய்வூதியம் இல்லை, அரசு தனியாகக் கருணை காட்டினால்தான் உண்டு. பணி ஓய்வூதியம் இல்லையென்றால், பின்னாளில் அதைத் தொடர்ந்து உங்களுக்கு வந்திருக்கக்கூடிய குடும்ப ஓய்வூதியத்தையும் முன்னாள் படைவீரர் மருத்துவ வசதியையும் எதிர்பார்க்க முடியாது. 'வேலையே போய்விடும்' என்று அண்ணன் சொல்வது உங்களுக்கு நியாயம் கிடைப்பதுபோலக் கேட்கிறது. ஜீவனாம்சத்தை எடுத்துத் தர வேண்டிய சம்பளமும் அதோடு போய்விடும் என்பதை யாராவது உங்களிடம் சொன்னார்களா?

குற்றத்தை மூடி மறையுங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம். புகார் செய்வது உங்கள் உரிமை, அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் ராணுவத்துக்குக் கொடுக்கும் ஒழுங்குப் புகார் உங்கள் கையில் நிற்கும் வழக்கு அல்ல. நாளைக்கு அவர் காலில் விழுந்து அழுது, நீங்கள் மன்னித்து, "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதினாலும் நடவடிக்கை நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அங்கே வழக்கு ராணுவத்துக்கும் அவருக்கும் இடையே. நீங்கள் ஒரு சாட்சி. ஆகவே தண்டனையா, பணமா, விவாகரத்தா, எது முதலில் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் மூன்று கதவு, ஒரே கடிதத்தில் மூன்றையும் எழுதுவதுதான் நான் பார்க்கும் மனுக்களில் அடிக்கடி வரும் தவறு.

என்னைக் கேட்டால் முதலில் தட்ட வேண்டிய கதவு பணம். நான்கு மாதமாகப் பிள்ளைகளுக்கு எதுவும் வரவில்லை, அது காத்திருக்காது. ராணுவச் சட்டம் பிரிவு 91, ஜவானின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆகும் ஜீவனாம்சத்தை ராணுவமே அவர் சம்பளத்தில் பிடித்து அனுப்ப வழி செய்கிறது. அதிகாரிகளுக்கு இதே ஏற்பாடு பிரிவு 90-இல் இருக்கிறது. ராணுவ உத்தரவுப்படி மனைவிக்குச் சம்பளம், படிகளில் 22 சதவீதம் வரை, பிள்ளை ஒன்றுக்கு 5.5 சதவீதம் வரை. மொத்தம் 33 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு பிள்ளைகளோடு உங்கள் கணக்கு சரியாக 33-இல் வந்து நிற்கிறது.

மனுவை அவருடைய சி.ஓ.வுக்கு எழுதுங்கள். கணவரின் ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) முகவரி தேவை. கூடவே திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கின் முதல் பக்கம், பணம் நின்ற மாதங்களைக் காட்டும் கணக்கு விவரம். கூட்டுக் கணக்கைக் கொடுக்காதீர்கள், ஏ.டி.எம். கார்டு அவரிடம் இருந்தால் பணம் வந்தும் பயன் இல்லை. மனு போனதும் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்பார்கள். அவர் பதிலோடு சி.ஓ. பரிந்துரை எழுதி மேலே அனுப்புவார், அங்கிருந்துதான் உத்தரவு வரும். மாதங்கள் ஆகலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பதிவுத் தபாலில் நினைவூட்டுங்கள், ஒப்புகை அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த மனு சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: பார்ட் டூ ஆர்டர், அதாவது வீரரின் குடும்ப, பணி விவரங்களைப் பதிய யூனிட் வெளியிடும் உத்தரவு. உங்கள் திருமணமும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பும் அதில் வெளியாகி அவருடைய ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் இருந்திருக்கிறீர்கள் என்பதால் உங்கள் பெயர் இருக்கும். இரண்டாவது பிள்ளையின் பெயர் ஏறியதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அந்த 5.5 சதவீதத்துக்குப் பிடிமானம் இருக்காது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எப்படி எழுதுவது என்று சொல்வார்கள்.

கூடவே குடும்ப நீதிமன்றத்திலும் ஜீவனாம்சம் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆவது பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. அங்கே 33 சதவீத வரம்பு கிடையாது. இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் வகுத்திருக்கிறது. தாமதிக்காமல் மனுப் போடச் சொல்வது இதனால்தான். ஆனால் ராணுவச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, நீதிமன்றத் தீர்ப்பாணைக்காக வீரரின் சம்பளத்தை ஜப்தி செய்வதைத் தடுக்கிறது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பணம் வராமல் அலையும் பெண்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். 91-ஆவது பிரிவு மனுவையும் சேர்த்துப் போட்டால் பணம் யூனிட் வழியாகவே பிடிக்கப்படும். இரண்டு இடத்திலும் கேட்டிருப்பதை இரண்டு மனுவிலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஒன்றில் கிடைத்ததை மற்றதில் கழித்துக்கொள்வார்கள்.

ஒழுங்குப் புகாருக்குக் காலக்கெடு பிரிவு 122: மூன்று ஆண்டு. குற்றம் நடந்தது பாதிக்கப்பட்டவருக்கோ நடவடிக்கை எடுக்கும் அதிகாரிக்கோ அப்போது தெரியாமல் இருந்திருந்தால், இருவரில் யாருக்கு முதலில் தெரிந்ததோ அந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்குத் தெரிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவசரமில்லை. ஆனால் 'அவர் 15 ஆண்டு முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்று நினைத்தால் ஒன்றை யோசியுங்கள்: அந்த இன்னொரு வீரருக்கு இதற்குள் தெரிந்து அவர் புகார் செய்தால், உங்களைக் கேட்காமலேயே எல்லாம் தொடங்கிவிடும். ராணுவத்தின் பார்வையில் முதல் பாதிப்பு அவருக்குத்தான். அதனால்தான் ஜீவனாம்ச மனுவை முன்னால் வைக்கச் சொல்கிறேன், எது எப்போது தொடங்கினாலும் உங்கள் உரிமை பதிவில் இருக்கும்.

புகார் எழுதுவது என்று முடிவெடுத்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். என்றைக்கு, எங்கே, எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 'இன்ன தேதி இரவு பத்தரை மணிக்கு இன்ன குவார்ட்டர்ஸுக்குள் போனார், விடிகாலை வந்தார், பக்கத்து வீட்டு இன்னார் பார்த்தார்' என்ற ஒரு வரி, 'என் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டார்' என்ற பத்து வரிக்குச் சமம். உடலுறவை நேரில் பார்த்த சாட்சி எந்த வழக்கிலும் கிடைப்பதில்லை. குற்றச்சாட்டு பெரும்பாலும் 'தகாத நேரத்தில் தகாத முறையில் பழகினார்' என்ற வடிவில்தான் எழுதப்படும். அதற்குக் கேட் பதிவேடு, காவலுக்கு நின்றவர், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், இவைதான் ஆதாரம். மேல் தலைமையகம், அமைச்சகம் என்று பத்து பேருக்கு நகல் அனுப்பாதீர்கள். எங்கே அனுப்பினாலும் அது சுற்றி அதே சி.ஓ. மேஜைக்குத்தான் வரும். நகல் போட்ட கோபம் மட்டும் மிஞ்சும். சி.ஓ. இரண்டு மாதம் பதிலே சொல்லவில்லையென்றால் அப்போது பிரிகேட் தலைமையகத்துக்கு எழுதுங்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாக்ஷிய அதிநியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும், படம் எடுத்த கைபேசியும் மாறாமல் இருக்க வேண்டும். அந்தக் கைபேசியை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அவர் கைபேசியில் உளவு செயலி போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு, அந்த வழக்கு உங்கள் மேல் வரும். பணியில் இருப்பவரின் கைபேசியில் யூனிட் நடமாட்டம், படங்கள் ஏதாவது இருந்து அவை உங்கள் வழியாக வெளியே போனால் விஷயம் வேறு திசையில் பெரிதாகிவிடும். உறவு சம்பந்தமான செய்திகளைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அவர் அழுது ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு தடை உண்டு. திருமணக் காலத்தில் கணவன் மனைவியிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி மனைவி சாட்சியில் வெளியிட சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை. புதிய சட்டத்தில் பிரிவு 128, பழையதில் 122. தம்பதியர் ஒருவர் மேல் ஒருவர் போடும் வழக்கிலும், ஒருவர் மற்றவருக்கு இழைத்த குற்ற வழக்கிலும் விதிவிலக்கு உண்டு. எனவே விவாகரத்து வழக்கில் அந்த ஒப்புதலைச் சொல்லலாம். ராணுவ ஒழுங்கு கெட்டது என்ற கோர்ட் மார்ஷலில் அவர் தரப்பு வக்கீல் உடனே ஆட்சேபிப்பார். உங்கள் புகார் அந்த ஒப்புதலை மட்டும் நம்பி நின்றால் நிற்காது. நீங்கள் கண்ணால் பார்த்ததும் மற்றவர்கள் பார்த்ததும் வேண்டும். அந்த இருவருக்குள் நடந்த செய்திப் பரிமாற்றத்துக்கு இந்தத் தடை இல்லை.

ஹோட்டல் சி.சி.டி.வி. எடுத்தால் முடிந்துவிடும் என்றும் சொல்வார்கள். ஓர் ராணுவ அதிகாரி தன் மனைவியும் இன்னொரு அதிகாரியும் தங்கியதாகச் சொன்ன ஹோட்டலின் பதிவைக் கேட்டு டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் போனார். அங்கே தங்குபவர்களின் தனியுரிமையைச் சொல்லியும், ராணுவச் சட்டத்திலேயே விசாரணைக்கு வழி இருக்கிறது என்று சொல்லியும் 2025 மே மாதம் மறுத்துவிட்டார்கள்.

விவாகரத்து வேண்டுமா என்பதை நீங்கள் எழுதவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்து திருமணச் சட்டம் பிரிவு 13-இன்படி, திருமணத்துக்குப் பின் வேறொருவரோடு மனமொப்பி ஒருமுறை உறவு கொண்டதே போதிய காரணம். 2018 தீர்ப்பு இதைத் தொடவில்லை. அந்தப் பெண்ணையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும். ராணுவச் சட்டம் அவரைத் தொடாது, அவர் படையினர் அல்ல. கணவர் போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணியில் இருந்தால் 1925-ஆம் ஆண்டின் ராணுவ வீரர்கள் வழக்குச் சட்டப்படி சிவில் வழக்கைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், அதை மனதில் வையுங்கள். தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ, அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் இப்போதைய 85-ஆவது பிரிவில் கொடுமைப் புகார் கொடுக்கச் சொல்பவர்களும் இருப்பார்கள். வேறு உறவு வைத்திருப்பது மட்டுமே அந்தப் பிரிவின் 'கொடுமை' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. அடித்திருந்தால், மிரட்டியிருந்தால், வீட்டை விட்டுத் துரத்தியிருந்தால் அது வேறு, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் துணைக்கு வரும். நடக்காததைச் சேர்த்து எழுதாதீர்கள். ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்றே வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த இன்னொரு வீரருக்குப் போன் செய்தோ, ஸ்கிரீன்ஷாட் அனுப்பியோ விஷயத்தைச் சொல்ல மனம் துடிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. கையில் ஆயுதத்தோடு, வீட்டிலிருந்து வெகுதூரத்தில், இரவுக் காவலில் தனியாக இருக்கும் ஒருவருக்கு இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அவருக்கும், உங்கள் கணவருக்கும், அந்தப் பெண்ணுக்கும். உங்கள் புகாரிலேயே ஒரு வரி சேருங்கள்: "இன்னாருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன், தகுந்த முறையில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." சி.ஓ.வுக்கு அந்த வரி போதும். அவரை ஆயுதப் பணியிலிருந்து விலக்கி, சுபேதார் மேஜரைப் பக்கத்தில் உட்கார வைத்து, விடுப்புக்கும் ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்ல அவரால் முடியும். உங்களால் முடியாது.